பார்த்தது எங்கே போகிறது?

பக்கத்தில் இருக்கும் யாரிடமாவது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "உங்க வீட்ல மொத்தம் எத்தனை ஜன்னல் இருக்கு?"

அவர் சொல்லும் பதில் முக்கியமில்லை. பதில் வருவதற்கு முன்னால் அவருடைய கண் என்ன செய்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். பெரும்பாலானவர்களுக்குக் கண் ஒரு பக்கம் போய் ஒரு கணம் நிற்கும். அங்கிருந்து இன்னொரு பக்கம் தாவும். பிறகு கொஞ்சம் மேலே போகும் (மாடியில் ஒரு ஜன்னல் இருக்கிறது போல!). எதிரே இருப்பதோ கல்லூரி கேண்டீன் சுவர். அதில் வீடும் இல்லை, ஜன்னலும் இல்லை. ஆனாலும் கண் வீட்டுக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் திரும்பி வருகிறது.

பார்க்க ஒன்றுமே இல்லாத இடத்தில் கண் எதைத் தேடுகிறது? விளையாட்டுக் கேள்வி போலத் தெரியும். ஆனால் உளவியல் ஆராய்ச்சியாளர்கள் நாற்பது வருடங்களுக்கு மேலாக இதை விடாமல் துருவிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த பதில் ஆய்வுக்கூடத்தோடு முடிந்துவிடவில்லை. விடிகாலையில் ஷிஃப்டுக்கு மொபெட்டில் கிளம்பும் ஒருவர் சாயங்காலம் பத்திரமாக வீடு திரும்புவாரா என்பது வரைக்கும் அது வந்து நிற்கிறது.

மூன்று மொழி, ஒரே வினைச்சொல்

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலைப் பக்கம் இருக்கிறது சானமாவு. ராகி வயல்கள், தக்காளித் தோட்டங்கள், ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்கள், இவற்றை ஒட்டிக் காப்புக்காடு. காட்டின் அந்தப் பக்கம், பேரண்டப்பள்ளி அருகே, கிருஷ்ணகிரியையும் ஓசூரையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை. முன்பு என்.எச். 7 என்று இருந்தது, இப்போது என்.எச். 44. அந்தச் சாலையில் பெங்களூர் பஸ்களும் கண்டெய்னர் லாரிகளும் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடுகின்றன. டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் என்று பெரிய தொழிற்சாலைகளும் அவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான சின்னப் பட்டறைகளும் ஓசூரில் இருப்பதால், சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து இருசக்கர வண்டியில் வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம்.

இந்தப் பகுதியில் ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கேட்கும். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும் பிள்ளையைப் பார்த்து வீட்டில் இருப்பவர்கள் சொல்வதும் மூன்று மொழியில் இருக்கும். தமிழ் வீட்டில் "பாத்துப் போப்பா". தெலுங்கு வீட்டில் "சூசுகுனி போ". கன்னட வீட்டில் "நோட்கொண்டு ஹோகு". மூன்றிலும் வினைச்சொல் ஒன்றுதான்: பார். ஜாக்கிரதையாக இரு, அடிபடாதே, உயிரோடு திரும்பி வா என்பதையெல்லாம் சேர்த்துப் 'பார்' என்கிற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள்.

அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு இடைவெளி இருக்கிறது. பார்ப்பது ஒரு நொடியில் நடக்கிறது. போவது அடுத்த நொடியில் நடக்கிறது. நெடுஞ்சாலையைக் கடக்க நிற்பவர் முதலில் வலப்பக்கம் பார்க்கிறார். தூரத்தில் ஒரு லாரி, அதற்கு முன்னால் ஒரு பைக். பிறகு இடப்பக்கம் பார்க்கிறார். இடப்பக்கம் பார்க்கும் அந்த நேரத்தில், வலப்பக்கம் இருந்த லாரியும் பைக்கும் எங்கே இருக்கின்றன? சாலையில் இருக்கின்றன, சரி. அவர் தலைக்குள் எங்கே இருக்கின்றன? அந்த ஓரிரு நொடி அவற்றைப் பிடித்து வைத்திருப்பது எது?

அந்த 'எது'வுக்குத்தான் செயல் நினைவு என்று பெயர். அதிலும் இடத்தைப் பற்றிய பகுதி.

பேரேடும் சில்லறைப் பெட்டியும்

அலுவலகக் கணக்கில் பேரேடு என்று ஒன்று இருக்கும். வருடக்கணக்கில் நிற்க வேண்டியதெல்லாம் அதில் ஏறும். இன்னொரு பக்கம் சில்லறைச் செலவுக்கென்று கேஷியரிடம் ஒரு சின்னத் தொகை இருக்கும். டீ, ஆட்டோ, கூரியர் எல்லாம் அதிலிருந்துதான். தொகை சிறியது, கை மாறிக்கொண்டே இருக்கும், நாள் முடிவில் பெட்டி காலி. சின்ன வயதில் படித்த பள்ளிக்கூடத்தின் வாசல் எந்தத் திசையில் இருந்தது என்பது பேரேடு. இரண்டு நொடிக்கு முன்னால் வந்துகொண்டிருந்த லாரி எந்தப் பக்கம் என்பது சில்லறைப் பெட்டி. செயல் நினைவு இந்தச் சில்லறைப் பெட்டிதான். அதில் இருக்கும் தொகையை யாராலும் பெரிதாகக் கூட்டிவிட முடியாது.

1974-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் என்ற இருவரும் இந்தப் பெட்டியைப் பற்றி ஒரு புதிய கருத்தை முன்வைத்தார்கள். பெட்டி ஒன்றல்ல, அதற்குள் தனித்தனி அறைகள் இருக்கின்றன என்றார்கள். சொல்லையும் ஒலியையும் வைத்துக்கொள்ள ஒரு அறை. ஒரு போன் நம்பரை எழுதும் வரைக்கும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறோமே, அது இந்த அறையின் வேலை. உருவத்தையும் இடத்தையும் வைத்துக்கொள்ள இன்னொரு அறை. ஒரு அறை நிரம்பி வழிந்தாலும் மற்றது பாட்டுக்குத் தன் வேலையைச் செய்யும்.

சொல்லுக்கான அறை எப்படி வேலை செய்கிறது என்பது சீக்கிரமே புரிந்துவிட்டது. முணுமுணுப்பு நின்றால் நம்பர் மறந்துவிடும். சரி, இடத்துக்கான அறையில் முணுமுணுப்பது எது? அங்கே வாய்க்குப் பதில் என்ன இருக்கிறது?

இதற்கான முதல் துப்பு பேட்லிக்கு ஆய்வுக்கூடத்தில் கிடைக்கவில்லை. ரோட்டில் கிடைத்தது! அமெரிக்காவில் இருந்தபோது ஒருநாள் கார் ஓட்டிக்கொண்டே ரேடியோவில் அமெரிக்கன் ஃபுட்பால் வர்ணனை கேட்டுக்கொண்டு போயிருக்கிறார். மைதானத்தில் யார் எங்கே நிற்கிறார்கள், பந்து எந்தப் பக்கம் போகிறது என்று மனதுக்குள் படம் ஓடுகிறது. கொஞ்ச நேரத்தில் பார்த்தால் கார் தன் தடத்தில் நேராகப் போகாமல் இங்கும் அங்கும் அலைகிறது. பயந்துபோய்ப் பாட்டு வரும் அலைவரிசைக்கு மாற்றினார். கார் நேரானது.

நம் ஊரில் இது கிரிக்கெட் வர்ணனை. பாட்டு கேட்டுக்கொண்டு ஓட்டுவதும், பாயின்ட்டில் ஒருவர், மிட்விக்கெட்டில் ஒருவர், பந்து எல்லைக்கோட்டை நோக்கிப் போகிறது என்று கேட்டுக்கொண்டு ஓட்டுவதும் ஒன்றல்ல. இரண்டாவதில் மனதுக்குள் ஒரு மைதானம் விரிகிறது. அந்த மைதானத்தை வைக்கும் இடமும், சாலையை வைக்கும் இடமும் ஒரே அறை.

கட்டத்துக்குள் எண்கள்

ஊர் திரும்பிய பேட்லியும் கிறிஸ் இட்சிகோவ்ஸ்கியும் இன்னும் சிலரும் 1970-களின் கடைசியிலும் 80-களின் தொடக்கத்திலும் சில சோதனைகளைச் செய்தார்கள். இதற்காக லீ ப்ரூக்ஸ் என்பவர் 1960-களில் உருவாக்கியிருந்த ஒரு கட்ட விளையாட்டை எடுத்துக்கொண்டார்கள். எளிமையானதுதான், நீங்களே செய்து பார்க்கலாம்.

மனதுக்குள் நான்குக்கு நான்கு, 16 கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் 1 இருக்கிறது. இப்போது ஒருவர் வாசிக்கிறார்: அதற்கு வலப்பக்கக் கட்டத்தில் 2 போடு. அதற்குக் கீழே 3 போடு. அதற்குக் கீழே 4. அதற்கு இடப்பக்கம் 5... இப்படி எட்டு வரை. பிறகு அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொற்களை மனப்பாடம் செய்யாமல், எண்களைக் கட்டத்தில் வைத்து நினைவில் கொள்வதுதான் சுலபம்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, நகரும் ஒரு பொருளைக் கண்ணால் பின்தொடரச் சொன்னால் என்ன ஆகிறது? கட்டத்தில் வைத்த எண்கள் கலைந்துபோகின்றன. தவறுகள் கூடிவிடுகின்றன.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சோதனைகளைப் பற்றி பேட்லி 1986-ல் எழுதிய புத்தகத்தில் சுருக்கமாகத்தான் இருந்தது. முழு விவரம் ஆய்விதழில் வந்தது 2006-ல், பிராட்லி போஸ்டல் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து. நடுவில் கிட்டத்தட்ட இருபது வருடம்! அதற்குள் அந்தச் சுருக்கத்தை மட்டுமே படித்துவிட்டு உலகம் முழுக்கப் பலர் ஆராய்ச்சியைத் தொடர்ந்திருந்தார்கள். 2006-ல், கண் அசைவை இன்னும் துல்லியமாக அளக்கும் கருவியோடு ஒரு புதிய சோதனையையும் சேர்த்து வெளியிட்டபோது மூன்று விஷயங்கள் தெளிவாயின.

ஒன்று, கண் அசைவதனால் மட்டும் நினைவு கலைவதில்லை. கண்ணை நாம் வேண்டுமென்றே இயக்கும்போதுதான் கலைகிறது. அதாவது, சிக்கல் விழிக்குள் இல்லை. விழியை ஓட்டும் டிரைவர் வேறு வேலைக்குப் போய்விடுவதில் இருக்கிறது.

இரண்டு, கலைவது இடம் மட்டும்தான். ஒரு வடிவத்தை நினைவில் வைத்திருப்பவருக்குக் கண் அசைவினால் இந்தப் பாதிப்பு வருவதில்லை. 'என்ன' என்பது தப்பித்துக்கொள்கிறது. 'எங்கே' என்பது மாட்டிக்கொள்கிறது.

மூன்று, பார்த்த நேரத்திலோ திருப்பிச் சொல்லும் நேரத்திலோ வரும் குழப்பம் அல்ல இது. நடுவில், பிடித்து வைத்திருக்கும் அந்தச் சில நொடிகளில்தான் இழப்பு நடக்கிறது.

இந்த மூன்றாவதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். சாலையைக் கடக்க நிற்பவர் வலப்பக்கம் சரியாகத்தான் பார்த்தார். பார்த்ததில் குறையில்லை. இடப்பக்கம் கண்ணைத் திருப்பினாரே, அந்த நொடிகளில்தான் பெட்டியிலிருந்து காசு விழுகிறது.

கண் ஏன் இதில் வருகிறது?

கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். அந்த விரல் அகலம் ஏறக்குறைய இரண்டு பாகை. ஒரு சமயத்தில் உங்களால் நுணுக்கமாகப் பார்க்க முடிவது கிட்டத்தட்ட அவ்வளவுதான். விழித்திரையின் நடுவில் இருக்கும் ஒரு சின்னக் குழிக்கு மட்டும்தான் அந்தக் கூர்மை உண்டு. மீதி எல்லாம் மங்கல். அதனால் கண் ஓயாமல் தாவ வேண்டியிருக்கிறது, ஒரு நொடிக்குச் சுமார் மூன்று முறை. 16 மணி நேரம் விழித்திருந்தால் ஒரு நாளைக்கு ஒரு லட்சத்து எழுபதாயிரம் தாவலுக்கு மேல் வருகிறது. தாவும் அந்தக் கணத்தில் மூளை பார்வையை ஏறக்குறைய அணைத்தே விடுகிறது. இல்லாவிட்டால் உலகம் நாள் முழுக்க ஆடிக்கொண்டே இருக்கும்.

இப்படித் தாவித் தாவிப் பார்க்கும் ஒரு உயிருக்கு, 'அது எங்கே இருந்தது' என்ற கேள்விக்கும் 'அதைத் திரும்பப் பார்க்கக் கண்ணை எந்தப் பக்கம் அனுப்ப வேண்டும்' என்ற கேள்விக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மூளை இரண்டையும் பெரும்பாலும் ஒரே இடத்தில் வைத்துக் கையாள்கிறது.

இதற்குக் குரங்குகளிடம் கிடைத்த சான்று புகழ்பெற்றது. 1989-ல் ஷின்டாரோ ஃபுனஹாஷி, சார்லஸ் புரூஸ், பாட்ரிசியா கோல்ட்மன்-ராகிக் மூவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். திரையின் நடுவில் ஒரு புள்ளி. குரங்கு அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஓரத்தில் ஒரு விளக்கு மின்னி மறையும். சில நொடி கழித்து நடுப்புள்ளி அணைந்ததும், விளக்கு இருந்த இடத்துக்குக் குரங்கு கண்ணைத் திருப்ப வேண்டும். காத்திருக்கும் அந்தச் சில நொடிகளில், வெளிச்சமும் இல்லை, கண் அசைவும் இல்லை, ஆனால் நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியில் சில நரம்பணுக்கள் விடாமல் துடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தத் திசை. வலது மேல்பக்கத்து அணு, இடது கீழ்ப்பக்கத்து அணு என்று. இடத்துக்கான அறையின் முணுமுணுப்பு அங்கேதான் கேட்டது.

மனிதர்களிடம் செய்த சோதனைகளும் இதே பக்கம்தான் கை காட்டின. ஒன்பது கட்டைகளைப் பலகையில் சிதறவிட்டு, சிலவற்றை வரிசையாகத் தொட்டுக் காட்டி, அதே வரிசையில் திருப்பித் தொடச் சொல்லும் 'கோர்சி கட்டைகள்' என்ற பழைய சோதனை ஒன்று உண்டு. நடுவில் காத்திருக்கும் நேரத்தில் கண்ணை அசைக்கச் சொன்னால் வரிசை கலைவதை டேவிட் பியர்சனும் அராஷ் சஹ்ராயியும் 2003-ல் காட்டினார்கள். 2013-ல் இங்கிலாந்தில் செய்த இன்னொரு சோதனை இன்னும் சுவாரஸ்யம். தலையை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்து, விழி அதற்கு மேல் திரும்பவே முடியாத ஓரத்தில் கட்டைகளைக் காட்டினார்கள். கண் போக முடியாத அந்தப் பக்கத்தில் நினைவும் குறைந்தது.

இதில் சண்டையே இல்லை என்று நினைக்க வேண்டாம். கண்ணை அசைக்காமல் கவனத்தை மட்டும் நகர்த்தினாலும் இடநினைவு கொஞ்சம் குலைகிறது, ஆகவே உண்மையான காரணம் கவனம்தான் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2004-ல் வந்த ஒரு ஆய்வு இரண்டையும் ஒப்பிட்டது. கவனத்தை நகர்த்தினால் நஷ்டம், கண்ணையும் சேர்த்து நகர்த்தினால் அதைவிட அதிக நஷ்டம் என்பது அதன் முடிவு.

தூரதேசத்து விஷயம் போலத் தோன்றும். ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர் சொச்சத்தில், பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி.யின் நரம்பியல் மையத்தில், ஆதித்ய மூர்த்தியின் குழு கண் தாவல்களை மூளை எப்படித் திட்டமிடுகிறது, எப்படிக் கடைசி நேரத்தில் நிறுத்துகிறது என்பதைப் பல வருடங்களாக ஆராய்கிறது. நிம்ஹான்ஸ் மருத்துவமனையோ அதே ஓசூர் ரோட்டில்தான் இருக்கிறது.

புள்ளி வைத்துவிட்டால் பயமில்லை

கண் ஒரு நொடிக்கு மூன்று முறை தாவுகிறது, ஒவ்வொரு தாவலும் இடநினைவுக்கு ஆபத்து என்றால், மனிதர்கள் எப்படித்தான் பிழைக்கிறார்கள்?

மார்கழிக் காலையில் ஒரு வாசலைப் பாருங்கள். தமிழ் வீட்டில் கோலம், தெலுங்கு வீட்டில் முக்கு, கன்னட வீட்டில் ரங்கோலி. சிக்குக் கோலம் போடும் ஒரு பாட்டி கோட்டைத் தொடங்குவதற்கு முன்னால் புள்ளிகளை வைத்து முடித்துவிடுகிறார். நேர்ப்புள்ளியோ ஊடுபுள்ளியோ, முதலில் புள்ளி. அதற்குப் பிறகுதான் கம்பி வளைகிறது. நடுவில் பேத்தி ஏதோ கேட்கிறாள், பால்காரர் வருகிறார், பாட்டி நிமிர்ந்து பதில் சொல்லிவிட்டுக் குனிந்தால் விட்ட இடத்திலிருந்து கோடு தொடர்கிறது. எந்தப் புள்ளியைச் சுற்றி முடித்தாயிற்று, எதைச் சுற்ற வேண்டும் என்பதைப் பாட்டி தலைக்குள் சுமக்கவில்லை. தரை சுமக்கிறது. கண் திரும்பி வந்தால் போதும்.

செஸ்ஸிலும் இதே கதைதான். 1990-களில் தொடங்கி 2011 வரை 'மெலடி ஆம்பர்' என்றொரு போட்டி, பெரும்பாலும் மொனாக்கோவில், வருடாவருடம் நடந்தது. விஸ்வநாதன் ஆனந்த் அதில் பலமுறை ஒட்டுமொத்த முதலிடம் பிடித்தவர். பாதி ஆட்டங்கள் காய்களைப் பார்க்காமல் ஆட வேண்டியவை. ஆனால் கண்ணைக் கட்டிவிடுவதில்லை. ஆட்டக்காரருக்கு முன்னால் ஒரு கம்ப்யூட்டர் திரையில் காய்களே இல்லாத வெறும் பலகை இருக்கும்! காய் இல்லை, கட்டம் இருக்கிறது. உலகத்தின் மிகச் சிறந்த மூளைகளுக்கும் கண் போய் நிற்க 64 வீடுகளைக் கொடுத்து வைத்திருந்தார்கள்.

வெறும் இடத்தைக் கண் தேடிப் போவதை 2001-ல் மைக்கேல் ஸ்பைவி, ஜாய் கெங் இருவரும் அளந்தே காட்டினார்கள். திரையின் நான்கு மூலையில் நான்கு உருவங்கள். ஒன்று மறைந்துவிடும். மறைந்ததன் நிறம் என்ன என்று கேட்டால், பலருடைய கண் அந்தக் காலி மூலைக்குத்தான் போகிறது. அங்கே ஒன்றும் இல்லை என்று அவர்களுக்கே தெரியும்! 2014-ல் ஸ்வீடனில் நடந்த ஒரு சோதனையில், பழைய இடத்தைப் பார்க்க விட்டவர்களுக்கு நினைவு கூர்வது எளிதாகவும், வேறிடத்தைப் பார்க்கச் சொன்னவர்களுக்குக் கடினமாகவும் இருந்தது. ஜன்னல் எண்ணும் நண்பரின் கண் சும்மா அலையவில்லை.

சானமாவுக் காட்டோரத்தில் ராகிக் காவலுக்குப் பரண் மேல் உட்காருகிறவருக்கும் இந்தப் பாடம் தெரியும், சோதனை எதுவும் படிக்காமலே. ஒவ்வொரு வருடமும் மழைக்காலம் முடியும் சமயத்தில், ராகி முற்றும் நேரம் பார்த்து, பன்னார்கட்டா பக்கத்திலிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக யானைக் கூட்டங்கள் வருகின்றன. சில கூட்டங்கள் சானமாவுக் காட்டில் முகாமிடும். இருட்டில் ஒரு கிளை முறியும் சத்தம். காவல்காரர் சத்தம் வந்த பக்கம் கண்ணைத் திருப்பி, அங்கே இருக்கும் புளியமரத்தையோ பாறையையோ பிடித்துக்கொள்கிறார். அடுத்த சத்தம் இன்னொரு மரத்துப் பக்கம். ஒவ்வொரு மரமும் அவருக்கு ஒரு புள்ளி. கண் மாறி மாறி அந்தப் புள்ளிகளைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. நடுவில் செல்போனை எடுத்து ஒரு வீடியோ பார்த்தால் இரண்டு நஷ்டம். வெளிச்சம் பட்ட கண் மறுபடி இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். அதோடு, கண் திரைக்குள் ஓடிய நேரத்தில் மரங்களுக்குப் பக்கத்தில் வைத்திருந்த யானைகள் கலைந்திருக்கும்.

நகரும் புள்ளிகள்

கோலத்துக்குப் புள்ளி, செஸ்ஸுக்குக் கட்டம், காவலுக்கு மரம். நெடுஞ்சாலையில் என்ன இருக்கிறது? அங்கே புள்ளிகளே ஓடுகின்றன. 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் வருகிறது. இடப்பக்கம் பார்த்துவிட்டு மூன்று நொடி கழித்துத் திரும்பினால் அது 66 மீட்டர் நெருங்கியிருக்கும். தரை சுமக்காது. தலைதான் சுமந்தாக வேண்டும். தலையோ கண்ணைத் திருப்பியதும் கைவிடுகிறது.

2019-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதை நேரடியாகவே சோதித்தார்கள். ஓட்டுநர்களைக் கார் ஓட்டும் சிமுலேட்டரில் உட்காரவைத்து, சந்திப்பிலிருந்து சாலைக்குள் நுழையச் சொன்னார்கள். அங்கேயும் நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டும் வழக்கம்தான். நுழைய முடிவெடுத்த நேரத்தில், வந்துகொண்டிருந்தது என்ன என்று கேட்டார்கள். கார்களைச் சொன்னார்கள். மோட்டார் சைக்கிள்களைச் சிலர் சொல்லவே இல்லை. இத்தனைக்கும் கண்ணைப் பதிவு செய்த கருவி, அவர்களில் சிலர் அந்த மோட்டார் சைக்கிளை நேராகப் பார்த்திருந்ததைக் காட்டியது! பார்த்தார்கள். பிறகு தலையையும் கண்ணையும் வேறு பக்கங்களுக்குத் திருப்பினார்கள். அந்த இடைவெளியில் பைக் மறைந்துவிட்டது.

விபத்துக்குப் பிறகு "சத்தியமா வண்டி வரலை சார், பார்த்துட்டுத்தான் எடுத்தேன்" என்று சொல்லும் டிரைவரை யாரும் நம்புவதில்லை. பொய் சொல்கிறார், அல்லது பார்க்கவே இல்லை என்று முடிவு கட்டுவோம். மூன்றாவதாக ஒரு வாய்ப்பும் இருக்கிறது. அவர் பார்த்தார், பார்த்தது நிற்கவில்லை. இதனால் அவர் பொறுப்பு குறைந்துவிடாது. ஆனால் "இன்னும் நல்லா பாரு" என்று திட்டுவது மட்டும் மருந்தாகாது என்பது தெரிகிறது.

எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் சுமார் 44 சதவீதம் இருசக்கர வண்டியில் போனவர்கள். எல்லாமே மறதியால் வந்த மரணங்கள் அல்ல. வேகம், குடி, ஹெல்மெட் இல்லாதது, சாலை அமைப்பு என்று காரணங்கள் பல. ஆனால் இடநினைவிலிருந்து முதலில் நழுவுவது சின்ன உருவம் என்றால், அந்தச் சின்ன உருவம் நம் சாலைகளில் யார் என்று யோசித்துப் பாருங்கள். ஷிஃப்டுக்குப் போகும் மொபெட்.

நாட்டிங்ஹாம்காரர்கள் சொன்ன வைத்தியம் செலவில்லாதது. பைக்கைப் பார்த்தால் 'பைக்' என்று வாயால் சொல். அவ்வளவுதான்! சிரிப்பு வரலாம். ஆனால் சில்லறைப் பெட்டியின் இரண்டு அறைகளை நினைத்துப் பாருங்கள். கண்ணைத் திருப்பினால் இடத்துக்கான அறைதான் கொட்டிப்போகிறது. சொல்லுக்கான அறைக்கு ஒன்றும் ஆவதில்லை. 'வலப்பக்கம் பைக்' என்று சொல்லிவிட்டால், அதே தகவலின் நகல் பாதுகாப்பான அறையில் இருக்கிறது. இரண்டு இடத்தில் எழுதி வைத்த கணக்கு, ஒன்று தொலைந்தாலும் மற்றதில் இருக்கும்.

இன்னும் இரண்டு விஷயம் இதிலிருந்தே வருகிறது. வலது, இடது, மறுபடி வலது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களே, அந்தக் கடைசி 'மறுபடி' சம்பிரதாயம் அல்ல. முதல் வலது அந்நேரம் கரைந்திருக்கும், அதனால்தான் அது தேவை. வண்டியை நகர்த்துவதற்கு முந்தைய கடைசிப் பார்வை, முதலில் வந்து மோதக்கூடிய பக்கத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது செல்போன். "ரெண்டு செகண்ட்தான் பார்த்தேன்" என்பவர் 44 மீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்திருக்கிறார் என்பது பாதிக் கணக்கு. மீதிப் பாதி, அந்த இரண்டு நொடியும் அவருடைய கண் திரையில் வரி வரியாகத் தாவியிருக்கிறது. ஒவ்வொரு தாவலிலும் சாலையில் வைத்திருந்த வண்டிகள் ஒவ்வொன்றாகக் கலைந்திருக்கின்றன. தலை நிமிரும்போது அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்குவதில்லை. முதலிலிருந்து தொடங்குகிறார். கோலம் போடும் பாட்டிக்குக் கிடைக்கும் சலுகை அவருக்குக் கிடையாது.

ஆகவே, என்.எச். 44-ஐக் கடக்க நிற்கும் ஒருவர், ஹேண்டில்பாரைப் பிடித்தபடி, யாருக்கும் கேட்காத குரலில் "லாரி... முன்னாடி ஒரு பைக்..." என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தால் சிரிக்க வேண்டாம். கண் கைவிடப் போகிற ஒன்றை அவர் வாயால் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறார். அந்த பைக்கில் வருகிறவரையும் யாரோ ஒரு அம்மா பார்த்துப் போகச் சொல்லித்தான் அனுப்பியிருப்பார்.